சுவிட்சை அணைத்த பிறகும் சிப்புக்கு ஆபத்து

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டால் கருவி பத்திரம் என்பது பொதுவான நம்பிக்கை. மைக்ரோகன்ட்ரோலரின் இன்புட் பின்னுக்கு நிலைமை நேர்மாறு. சப்ளை இல்லாதபோதுதான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. அர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். ரீசெட் தவிர எந்தப் பின்னிலும் வோல்டேஜ், சப்ளையைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. சப்ளை 5 வோல்ட் என்றால் எல்லை 5.5, சப்ளை பூஜ்யமானால் எல்லை வெறும் 0.5. மாடித் தொட்டியின் சென்சாருக்குத் தனி அடாப்டர், கீழே மோட்டார் அருகே கன்ட்ரோலர் என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோலரை மட்டும் அணைத்தால், சென்சார் வழக்கமாக அனுப்பும் அதே 5 வோல்ட் எல்லையைப்போல் பத்து மடங்காகிவிடுகிறது.

அந்த வோல்டேஜ் தள்ளும் கரண்ட் எங்கே போகிறது? ஒவ்வொரு பின்னிலிருந்தும் சப்ளைக் கோட்டுக்குச் சிப்புக்குள்ளேயே ஒரு சிறு டயோடு இருக்கிறது. கைபட்டுப் பாயும் நிலைமின்சாரத்தைக் கணப்பொழுது தாங்குவதற்காக வைத்தது அது. வெளி வோல்டேஜ் அதன் வழியாகப் புகுந்து சப்ளைக் கோட்டை ஏறக்குறைய 4.4 வோல்ட் வரை உயர்த்திவிடலாம். ஏடிமெகா328பி 1.8 வோல்ட்டிலேயே ஓடத் தொடங்கும். ஆகவே அணைத்த போர்டில் எல்.இ.டி. மங்கலாக எரியும், புரோகிராம் அரைகுறையாக ஓடும், போர்டு முழுவதற்கும் வேண்டிய கரண்ட் அந்த ஒற்றை டயோடு வழியே போகும். மறுபடி சுவிட்சைப் போடும்போது சப்ளை பூஜ்யத்திலிருந்து ஏறாததால் ரீசெட் ஆகாமல் சிப் உறைந்து நிற்கலாம். இதைவிட மோசமானது லேட்ச்-அப். சிலிக்கான் அடுக்குகளுக்குள் தானாக அமைந்திருக்கும் தைரிஸ்டர் விழித்துக்கொண்டால், சப்ளை ஷார்ட்டாகிச் சிப் கருகும்.

எளிய காவல், பின்னுக்கு முன்னால் தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட் வந்தாலும் 0.44 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த டயோடுகளில் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட விட வேண்டாம் என்று அட்மெல் நிறுவனத்தின் பயன்பாட்டுக் குறிப்பு ஒன்றே சொல்கிறது. சிக்னல் மெதுவாகிவிடுமே என்பார்கள். மிதவை சுவிட்சுக்கும் பட்டனுக்கும் அந்தத் தாமதம் பொருட்டே இல்லை. 5.1 வோல்ட் ஜீனர் போட்டிருக்கிறோமே என்பது இன்னொரு பதில். 5 வோல்ட்டை அந்த ஜீனர் கண்டுகொள்ளாது. 5 வோல்ட் தாங்கும் சிப் என்ற சமாதானமும் முழுதாக நிற்காது. எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் அப்படிப்பட்ட பின்னின் எல்லை சப்ளையோடு 4 வோல்ட். சப்ளை இல்லையென்றால் வெறும் 4. ஆனால் ரெசிஸ்டருக்கும் ஒரு குறை உண்டு: சொற்பக் கரண்டில் ஓடும் பேட்டரி போர்டை அந்த 0.44 மில்லி ஆம்பியரே விழிக்க வைத்துவிடும். அங்கே பிசி817 போன்ற ஆப்டோகப்ளரோ, சப்ளை இல்லாதபோது உள்ளே கரண்ட் விடாத 74எல்விசி வகை பஃபரோதான் சரி. சில ரூபாய்ச் செலவைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர் இதை விடுவது, விலையை வாங்குபவர் தலையில் கட்டுவதே.

வாங்குபவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைச் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். போதிய எச்சரிக்கை இல்லாததால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ கேடு வந்தால், தயாரிப்பாளர் இழப்பீடும் தர வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் உண்டு. நீங்கள்தான் தப்பாக ஒயரிங் செய்தீர்கள் என்று விற்றவர் சொல்லக்கூடும். வெளிச் சென்சாருக்கென்றே டெர்மினல் வைத்துவிட்டு, கையேட்டில் ஒரு வரி எச்சரிக்கைகூட அச்சிடாதவர் அப்படிச் சொல்வது நியாயமில்லை. தனிச் சிப்பை வாங்கி டேட்டாஷீட்டைப் பார்க்காமல் இணைத்தவருக்கோ இந்த வாதம் கைகொடுக்காது. எல்லை அங்கே அச்சிலேயே இருக்கிறது. கன்ட்ரோலர் பழுதானால், பில்லோடு ஒரு சோதனை முடிவையும் சர்வீஸ் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிவையுங்கள்: கன்ட்ரோலரின் இணைப்பை எடுத்துவிட்டு, சென்சாரை இயங்க விட்டு, சிப்பின் சப்ளைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் காட்டும் வோல்டேஜ் எவ்வளவு என்பதை.