கழிதலும் கழித்தலும்

'சப்டிராக்ட்' என்னும் ஆங்கில வினை, 'கீழ்' எனப் பொருள்படும் 'சப்' என்னும் முன்னொட்டும், 'இழு' எனப் பொருள்படும் 'திராகெரெ' என்னும் வினையும் கூடிய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. 'டிடக்ட்' என்பதும் அவ்வாறே 'கொண்டு செல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையை அடியாகவுடையது. இவ்விரண்டும் ஒருவன் ஒன்றனை இழுத்தகற்றும் செயலையே காட்டுவன. தமிழில் இவ்விடத்து நிற்கும் 'கழி' என்னும் சொல்லின் இயல்பு வேறு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

'ஆண்டு கழிந்தது' என்புழிக் கழிதல், கடந்து போதல். 'பத்தில் மூன்றைக் கழித்தான்' என்புழிக் கழித்தல், கடந்து போகச் செய்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இனி, தொல்காப்பிய உரியியல் கூர்ப்பினையும் கழிவினையும் உள்ளது சிறத்தற் பொருளவாகக் கொள்ளும். கொங்குநாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்தப்பெறும் பவணந்தியாரும், நன்னூலுள் 'கழி' என்பதனை மிகுதி உணர்த்தும் உரிச்சொற்களுள் எண்ணினார். 'கழிபேருவகை' என்பது அப்பொருட்டு.

குறைத்தலையும் மிகுதியையும் ஒரு சொல்லே உணர்த்துதல் எங்ஙனம் எனின், எல்லை கடத்தல் என்னும் பொருள் இரண்டற்கும் பொது என்க. அளவின் எல்லையைக் கடந்தது மிகுதி. தொகையின் எல்லையைக் கடந்து புறத்தே சென்றது கழிவு. ஆதலின் கழிந்த பொருள் அழிந்த பொருள் அன்று. 1888ஆம் ஆண்டில் கோவையில் தோன்றிய நூற்பாலைத் தொழிலின் வழக்கும் இதனோடு ஒத்து நிற்கும். பஞ்சைத் தூய்மை செய்து சிக்கெடுக்குங்கால் நீங்குவது கழிவுப் பஞ்சு. அதுவே 'ஓப்பன் எண்டு' ஆலைகளில் மீண்டும் நூலாகின்றது.

இவ்வாலைகளின் ஊதியச் சீட்டிலோ வழங்குவது 'பிடித்தம்' என்னும் சொல். பிடித்தல், கைவிடாது பற்றி வைத்தல். வருங்கால வைப்புநிதிக்காகப் பிடிக்கப்பெறும் தொகை தொழிலாளிக்கே உரியது. பின்னர் அவன்பால் மீள்வது. கடன் 'தள்ளுபடி' என்பதோ, கொடுத்தவன் தன் உரிமையையே விலக்கிக்கொள்ளுதல்.

எனவே, கழிவில் பொருள் தொகையினின்று நீங்குகின்றது. பிடித்தத்தில் உரிமை நீங்காது நிற்கின்றது. தள்ளுபடியில் உரிமையே நீங்குகின்றது. 'டிடக்ட்' என்னும் ஒரு சொல்லைக் கண்டுழியெல்லாம் இம்மூன்றனுள் ஒன்றை வேறுபாடின்றி எழுதுதல் மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. அப்பொருள் யாருக்கு உரியது என்பதனையே மறைத்தலாகும். கலைச்சொல் தொகுப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.