ஒரு வாக்கும் இரண்டு கேள்விகளும்

நவம்பர் மழைக்குப் புத்தூர்த் தோட்டங்களில் கூலி வேலை குறைந்துவிடும். பெண்களை வீட்டில் சந்திக்கலாம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்திய கிழமையும் அப்படித்தான் நான் வீடு வீடாகப் போனேன். போனது சுயதொழில் விபரம் எடுக்க. ஆனால் பேச்சு தேர்தலிலேயே வந்து நின்றது.

"ஆருக்குப் போடுறதெண்டு இன்னும் முடிவெடுக்கேல்லைப் பிள்ளை" என்றார் ஒரு அக்கா. 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். கூலிவேலை, கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடன்.

"வறுமையைப் பற்றி எல்லாரும் பேசுகினம்தானே?" என்று கேட்டேன்.

"பேசுகினம். என்ர கடனைப் பற்றி ஒருத்தரும் பேசேல்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கம் முன்வந்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கே அந்தச் சலுகை. இந்த அக்காவோ ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தும் தவணை தவறவிடாதவர். 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது வீட்டின் நிலை, மின்சாரப் பாவனை, சொத்து எல்லாம் பார்த்தார்கள். உதவித் திட்டத்தில் கிடைத்த கல்வீடு அவரை வசதியானவராகக் காட்டிவிட்டது. மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபா (2025 ஜனவரியிலிருந்து 17,500) என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் இவர் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் தயக்கம் வேறு. மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். "வயித்தைப் பாத்து வோட்டுப் போட்டா, பிள்ளையை ஆர் கேக்கிறது?" என்றார். வறுமைக்காக வாக்களித்தால் பிள்ளையை விட்டுக்கொடுத்தது போலாகிவிடுமோ என்ற பயம் அது. வாக்கு ஒன்று, கேள்வி இரண்டு. எங்கள் பெண்கள் கடைசிவரை முடிவெடுக்காமல் இருப்பதைப் படிப்பறிவுக் குறைவென்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

யாழ் மாவட்டத்தில் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 27,086 வாக்குகள். எட்டுக் கிழமைக்குள் அவரது தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. தமிழர் உரிமையை மறந்து சோற்றுக்கு வாக்களித்தார்கள் என்று பேசினார்கள். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் பல சபைகளில் தமிழரசுக் கட்சி முதலிடம் வந்தது. அப்போது, பசியை மறந்துவிட்டார்கள் என்றா சொல்வது? இரண்டையும் மறக்காதவர்கள்தான் மாறி மாறிப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இல் பாண், மண்ணெண்ணெய் வரிசைகளில் நின்றவர்களுக்கு வறுமை மேடைப் பேச்சல்ல. வாக்குக் கேட்டு வரும்போது தரப்படும் அரிசிப் பையையும் அவர்கள் வறுமைக்கான பதிலாக எடுப்பதில்லை. "அது அவையின்ர செலவு. வாங்கிறதுதான்" என்று சிரித்தார் ஒருவர்.

மே தேர்தல் முடிந்தபின் அந்த அக்காவைத் திரும்பச் சந்தித்தேன். பிரதேச சபைக்குப் போட்டியிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தாராம்.

"கடனுக்கு என்ன செய்வியள் எண்டு கேட்டன். சபைக்கு அந்த அதிகாரம் இல்லை அக்கா, ஒழுங்கைக்கு லைற் போடலாம் எண்டார். உண்மையைச் சொல்லிப்போட்டார் எண்டு அவருக்கே போட்டன்."

லைற் வந்ததா என்று கேட்டேன். ஒழுங்கையைக் கையால் காட்டினார். இன்னும் வரவில்லை.