வீடற்றோரும் நகரசபையின் கடனும்

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரிலும் பாரிமுனையிலும் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து செல்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணாமல் வீடு திரும்ப முடியாது. கடைகள் அடைத்த பின் அவற்றின் வாசற்படிகளே பலருக்குப் படுக்கையாகின்றன. பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்கள், கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுத்தவர்கள், பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், சித்தம் கலங்கி ஊரும் பேரும் மறந்தவர்கள் ஆகிய அனைவரும் அங்கே உறங்குகிறார்கள். இந்தியாவில் இவ்வாறு வீடின்றி வாழ்வோர் 17 லக்ஷத்து 73 ஆயிரம் பேர் என்றும், அவர்களில் 9 லக்ஷத்து 38 ஆயிரம் பேர் நகரவாசிகள் என்றும் 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கு கூறிற்று. கணக்கெடுப்போர் கண்ணுக்குத் தப்பியவர்கள் இதில் அடங்கார்.

இவர்களுக்குக் கூரை அளிப்பது யார் பொறுப்பு? இக்கேள்விக்குச் சட்டம் விடை கூறி வெகு காலமாயிற்று. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், ஜீவனோபாய உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. நகர வறுமையை ஒழிப்பது ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒப்படைக்கத்தக்க காரியங்களில் ஒன்று என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-ல் குறித்தது. 2010-ல், உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக, பெருநகரங்களில் ஒரு லக்ஷம் ஜனங்களுக்கு ஒரு காப்பகம் வீதம் அமைக்க வேண்டுமென்று அதே கோர்ட் உத்தரவிட்டது. ஆகவே இது தயவின் பேரில் செய்யும் காரியமல்ல.

2013-ல் தோன்றிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இவ்வுத்தரவுக்கு ஒரு நிர்வாக ஏற்பாட்டைத் தந்தது. காப்பகத்திற்கு இடம் கொடுப்பதும் மேற்பார்வை செய்வதும் நகரசபையின் வேலை. அதை நாள்தோறும் நடத்துவது பெரும்பாலும் தொண்டு ஸ்தாபனத்தின் வேலை. சென்னைக் கார்ப்பொரேஷனும் இம்முறையையே கைக்கொண்டு, பெண்கள், முதியோர், மனநோயாளிகள், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் துணையாக வந்தோர் ஆகியவர்களுக்குத் தனித்தனிக் காப்பகங்களை ஏற்படுத்தியது பாராட்டத்தக்கதே. தெருவில் கிடப்பவரிடம் இதமாகப் பேசி அழைத்து வருவது உத்தியோகஸ்தரைவிடத் தொண்டருக்கே எளிது.

ஆனால் பணத்தின் கணக்கைப் பாருங்கள். ஐம்பது பேர் தங்கும் காப்பகத்தை நடத்த அத்திட்டம் வருஷத்திற்கு 6 லக்ஷம் ரூபாய் விதித்தது. ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய்கூட முழுமையாக இல்லை. நிர்வாகிக்கும் காவலாளுக்கும் சம்பளம், விளக்கு, துப்புரவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தச் சொற்பப் பணமும் தவணை தவறினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு நகரமொன்றில் காப்பகம் நடத்தும் ஒரு நண்பர் சட்ட ஆலோசனைக்காக நம்மிடம் வந்தார். ஏழு மாதத் தவணை நிலுவையில் நின்றுவிட்டது. இரவுக் காவலாளுக்குச் சம்பளம் கொடுக்கத் தம் மனைவியின் வளையல்களை அடகு வைத்திருந்தார். "வழக்குத் தொடரலாமா?" என்று கேட்டவர், சற்று நேரத்தில் தாமே, "வேண்டாம், அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது" என்று எழுந்து போய்விட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தும் அவர் வாய் திறக்க அஞ்சினார். பணம் கொடுப்பவரைக் கண்டு இவ்வாறு அஞ்சுகிறவர், காப்பகத்தின் குறைகளை எவ்வாறு எடுத்துச் சொல்வார்?

பணமில்லை என்று சர்க்கார் எப்போதும் சொல்வதற்கில்லை. பணம் இருந்தும் வீடற்றோரின் நிலை மாறவில்லை என்பதைக் கண்டே 2016 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. குறை ஒழுங்கில் இருந்தது.

ஒதுக்கிய பணத்திற்கு வேலியும் அவசியம். இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒரு பாடம். வீடற்றோர், முதியோர் முதலியவர்களுக்குத் தொண்டு ஸ்தாபனங்கள் முதலியவற்றின் மூலம் உதவ, அந்நாட்டுச் சர்க்கார் 2003-ல் ஸ்தல சபைகளுக்கு வருஷம் 180 கோடி பவுன் அளவில் கொடுக்கத் தொடங்கியது. அப்பணத்தை வேறு காரியத்திற்கு எடுக்கலாகாது என்ற விதி 2009-ல் நீக்கப்பட்டது. பின்னர் சிக்கன காலம் வந்ததும் சபைகள் முதலில் கை வைத்தவற்றில் இச்செலவும் ஒன்று. ஓர் இரவின் மதிப்பீட்டில் 2010-ல் 1,768 பேராக இருந்த தெருவில் உறங்குவோர் 2017-ல் 4,751 பேர் ஆயினர். வாடகை உயர்வு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் வேலி அகன்ற வயலில் எது நுழையும் என்பது யாவரும் அறிந்ததே.

தொண்டு ஸ்தாபனங்கள் எல்லாம் உத்தமமானவை என்று நாம் வாதிக்க வரவில்லை. இல்லாத ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிப் பணம் வாங்குவோரும் இருக்கக்கூடும். அதற்குப் பரிகாரம் முன்னறிவிப்பின்றி இரவில் சென்று தலைகளை எண்ணுவதும், வரவு செலவைப் பொதுஜனங்கள் முன் வைப்பதும்தான். குற்றவாளியைத் தண்டிக்கத் தெம்பில்லாமல் எல்லோருடைய தவணையையும் நிறுத்தி வைப்பது நிர்வாகமாகாது.

மேற்சொன்ன இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிவுற்றது. திட்டத்திற்குக் காலவரையறை உண்டு. தெருவில் படுத்திருப்பவனுடைய உரிமைக்கு அது இல்லை. ஆகவே நகரசபைகள் தம் வரவு செலவுத் திட்டத்தில் காப்பகங்களுக்கென்று தனித் தலைப்பு ஏற்படுத்தி, அதை வேறெதற்கும் மாற்றலாகாதென்று தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருஷத்திற்குக் குறையாதிருக்க வேண்டும். மூன்று மாதத்திற்கொருமுறை முன்பணமாகவே தவணை செல்ல வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர வேண்டும். ஒவ்வொரு காப்பகத்திற்கும் எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பேர் தங்கினர் என்ற விவரம் வார்டு ஆபீஸ் வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வார்டிலுள்ள காப்பகம் எங்கே இருக்கிறது, அதன் கடைசித் தவணை எப்போது வந்தது என்று உங்கள் கவுன்ஸிலரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஒரு நாள் இரவு அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். தமிழில் கடன் என்ற சொல் கடமையையும் குறிக்கும், கொடுக்க வேண்டிய பாக்கியையும் குறிக்கும். வீடற்றோர் விஷயத்தில் நகரசபைகள் இரண்டையும் தீர்க்கவேண்டியிருக்கிறது.