ஆண்டாள் ஊரில் தெரியாத சேதி: நட்சத்திரப் பெயரில் பறந்த விமானங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர்,

பூரம் என்றால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்டாள் அவதரித்த நட்சத்திரம். ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும். ஆனால் நட்சத்திரப் பெயர் வைத்தே டெல்லியில் விமானம் செய்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவை என்ஜின் இல்லாத விமானங்கள். பெயர் கிளைடர். டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இருந்த சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் உருவானவை. வடிவமைப்பில் முன்னின்றவர் எஸ்.ராமாமிர்தம்.

1958-ல் "அசுவினி" பறந்தது. 1961-ல் "ரோகிணி". பிறகு "கார்த்திக்", "மிருகசீர்ஷம்". 1979-ல் "ஆர்த்ரா", அதாவது நம்ம திருவாதிரை! இதில் ரோகிணிதான் பிள்ளைகளின் செல்லம். வாத்தியாரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகும் மர விமானம். நூற்றுக்கு மேல் செய்தார்கள்.

ஒரே ஒரு சான்ஸ்!

என்ஜின் இல்லாமல் எப்படி மேலே போகும்? நீளக் கம்பியைக் கட்டி, தூரத்தில் உள்ள எந்திர உருளையில் விறுவிறு என்று சுற்றுவார்கள். பட்டம் மாதிரி ஏறிவிடும். இல்லாவிட்டால் இன்னொரு விமானம் கட்டி இழுத்துப் போகும்.

ஏறுவது சரி. இறங்குவதில்தான் கண்டம். கணக்கு தப்பினால் மறுபடி மேலே எழும்ப வழியில்லை. ஒரே சான்ஸ்தான். கற்றுக்கொள்ளும் பையனுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இதற்கு மருந்துதான் மோட்டார் கிளைடர். தன் என்ஜினிலேயே ஏறும். மேலே போனதும் என்ஜினை நிறுத்திவிட்டு மிதக்கலாம். இறங்கும்போது தப்பாகத் தெரிந்தால் என்ஜினை முடுக்கி இன்னொரு சுற்று வரலாம். இழுத்துப் போக இன்னொரு விமானம் வேண்டாம். அந்தச் செலவும் மிச்சம்!

1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே இரண்டு பேர் உட்காரும் பயிற்சி மோட்டார் கிளைடர் உருவானது. பெயர் "எம்.ஜி.1". பாவம், அதற்கு நட்சத்திரப் பெயர் வாய்க்கவில்லை. ரோகிணி மாதிரி நூற்றுக்கணக்கில் பெருகும் யோகமும் இல்லை.

கருடன் வந்தது

2015-ல் 194 சிறு பயிற்சி விமானங்களுக்கு மத்திய அரசு ஆர்டர் கொடுத்தது. அதில் என்.சி.சி.க்கு மட்டும் 110. இரண்டு பேர் உட்காரலாம். செய்தது ஐரோப்பாவில் உள்ள ஸ்லோவேனியா நாட்டுக் கம்பெனி. இங்கே வைத்த பெயர் "கருட்"! ஆண்டாள், ரங்கமன்னாருடன் கருடாழ்வாரும் சேர்ந்து நிற்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

சொந்தச் சரக்கும் இல்லாமல் இல்லை. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் "ஹன்சா" 1993-ல் பறந்தது. அதுவும் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம்தான். அதன் புது வடிவம் 2021-ல் பறந்தது. 2022-ல் புதுச்சேரியில் கடல் மட்டச் சோதனை நடந்தது.

யாருக்கு லாபம்?

பைலட் தொழில் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் துட்டு! பயிற்சி விமானம் மலிவானால்தான் ராஜபாளையம் மில் தொழிலாளி மகனும் அந்த சீட்டை நினைத்துப் பார்க்க முடியும். அதுவரை விமானப் பிரிவு உள்ள என்.சி.சி.தான் கைக்கு எட்டும் ஏணி.

பிள்ளை வானத்தைப் பார்த்தால் "வேலையைப் பாருடா" என்று அதட்டாதீர்கள். அதுவும் ஒரு வேலைதான்!