சாவு வீட்டு கானாவுக்கு கோட் சூட்!

ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு கானா கேட்க டிக்கெட் தேவையில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுவார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டுதான். போனவரின் பேர், தொழில், குணம் எல்லாம் விடிவதற்குள் பாட்டில் வந்துவிடும்.

அந்த கானா, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி அது. கோட் சூட்டில் 19 பேர். கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் இன்னொரு பக்கம். குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பது, அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணம்.

வடசென்னை ரசிகருக்கு இது உட்கார்ந்து தலையாட்டுகிற கச்சேரி இல்லை. சட்டி அடி விழுந்ததுமே கால் தானாக ஆடும். தெருவில் பழகிய கால் ஆச்சே! ஆடிக்கொண்டிருக்கும்போதே இட ஒதுக்கீடும் ஆணவக்கொலையும் பாட்டில் வந்து விழும். கால் நிற்காது, ஆனால் முகம் மாறும்.

கானா மேடை என்றாலே ஆண்கள்தான். இந்த 19 பேரில் ஒரே பெண், இசைவாணி. ராயபுரத்துப் பெண். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, காரணமாகச் சொல்லப்பட்டதும் அதே கானாதான்.