அடுக்கில் காத்திருக்கும் மந்திரங்கள்

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டாட்டத்தில், பொதுவாக இருவர் தலா 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்கி, நிலச்சீட்டுகள் தரும் 'மானா' என்ற ஆற்றலைச் செலவிட்டு, கைச்சீட்டுகளை மந்திரங்களாக ஏவுகின்றனர். மந்திரங்களுள் 'சோர்சரி' பொதுவாக ஏவுபவரின் முறையில் மட்டுமே ஏவத்தக்கது. 'இன்ஸ்டன்ட்' எதிராளியின் முறையிலும் குறுக்கிடவல்லது என்பதால், ஆட்டத்தின் சுவையில் பெரும்பகுதி அதனிடமே உள்ளது எனலாம்.

ஏவப்பட்ட மந்திரம் உடனே பலித்துவிடாமல் 'ஸ்டாக்' எனப்படும் அடுக்கில் காத்திருக்க, எதிராளி அதன்மேல் தன் மந்திரத்தை மறுமொழியாக வைக்கலாம். கடைசியில் வைத்ததே முதலில் பலிக்கும். எடுத்துக்காட்டாக, தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும் 2 ஆக உள்ள உயிரினத்தின் மீது, 3 சேதம் விளைவிக்கும் 'லைட்னிங் போல்ட்' என்ற மின்னல் மந்திரம் ஏவப்பட்டால், உயிரினத்தின் உரிமையாளர் அவ்விரு வலிமைகளையும் அந்த ஒரு முறைக்கு மும்மூன்று உயர்த்தும் 'ஜயன்ட் குரோத்' என்ற வளர்ச்சிச் சீட்டை இறக்க, அது முதலில் பலித்து இரண்டும் 5 ஆகிவிடுவதால், உயிரினம் மின்னலைத் தாங்கிக்கொள்கிறது. வரிசை தலைகீழானால், அதாவது வளர்ச்சி மந்திரத்துக்கு மறுமொழியாக மின்னல் வந்தால், உயிரினம் வளருமுன்பே மடிகிறது. இலக்கை இழந்த வளர்ச்சிச் சீட்டு பயனின்றிக் கழிவுக்குவியலைச் சேர, செலவிட்ட மானாவும் திரும்புவதில்லை.