சுவரோடு நின்றதா, சுவரைத் தாண்டியதா?

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகும். இரண்டு நாளில் தானாக நின்றும் விடும். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுபவர்கள் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் தலைகாட்டுவது இப்படித்தான். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

முதல் சோதனை அல்ட்ராசவுண்ட். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பை நிறைந்து விரிந்தால்தான் சுவரிலிருந்து துருத்தும் கட்டி தெரியும். சின்னக் கட்டியும் தட்டையாகப் படர்ந்ததும் இதில் தப்பிவிடலாம். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்றாலும், கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி தேவைப்படும். நோயை உறுதிசெய்வது பயாப்சி.

பையில் வரும் கட்டி, மேலே சிறுநீரகக் குழாயிலும் வரலாம். இரண்டுக்கும் உட்படலம் ஒரே வகை. அதனால் சிறுநீர்ப் பாதை முழுவதையும் பார்க்க வேண்டும். சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டபோது, ரத்தநாளத்தில் மருந்து ஏற்றிச் சிறுநீர்ப் பாதையை எக்ஸ்ரே எடுக்கும் முறை உலகுக்கே புதிது. இன்று அந்த வேலையைச் செய்வது சிடி யூரோகிராம். கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு அயோடின் மருந்தை ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் அது சிறுநீரோடு இறங்கும். வழியில் மருந்து நிரம்பாத இடம் தெரிந்தால் சந்தேகம் அங்கேதான்.

சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று உண்டு: கட்டி பைச் சுவரின் தசைக்குள் இறங்கியிருக்கிறதா?

இதற்கு எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. ஒருவகைப் படத்தில் சிறுநீர் வெள்ளையாகவும், அதைச் சுற்றிய தசை, வெள்ளைச் சேலையின் கறுப்புக் கரை போலவும் தெரியும். அந்தக் கரை அறுந்திருந்தால் கவலை. 2018இல் வெளியான வைராட்ஸ் முறை இதை 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. தசையைத் தொடாத கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேவையானவர்களுக்குப் பைக்குள் பி.சி.ஜி. செலுத்துவார்கள். கிண்டியில் 1948இல் ஆய்வகம் அமைத்துக் காசநோய்த் தடுப்பூசியாகத் தயாரித்தார்களே, அதே பி.சி.ஜி. கிருமிதான்! தசைக்குள் இறங்கிவிட்டால் கீமோ, பையை அகற்றுதல், கதிர்வீச்சு என்று பாதை மாறும். சுரண்டிய இடம் வீங்கிக் கட்டி போலவே காட்டும் என்பதால், எம்.ஆர்.ஐ.யை அதற்கு முன்பே எடுப்பது நல்லது.

பெட் ஸ்கேனில் ஒரு சிக்கல். அதற்காக ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை சிறுநீரில் வெளியேறுவதால் பை முழுவதும் ஒளிர்ந்து, உள்ளிருக்கும் கட்டியை மறைத்துவிடும். நிணநீர்க் கணுக்களுக்கோ தொலைவிலுள்ள உறுப்புகளுக்கோ நோய் பரவியதைக் கண்டறியவே அது அதிகம் உதவுகிறது.

பையை அகற்றிய பிறகும் நெஞ்சு, வயிறு சிடி குறிப்பிட்ட இடைவெளிகளில் தொடரும். அப்போது ரிப்போர்ட் தாளோடு பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்துப்போனால், புதிதாக முளைத்தது எது, முன்பே இருந்தது எது என்று ரேடியாலஜிஸ்ட் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.